குளிர்ந்த என்ஜினோடு வாருங்கள்

போன வைகாசியில் ஒரு தம்பி தன் இன்டர்செப்டர் 650 மோட்டார் சைக்கிளைக் கராச் வாசலில் நிறுத்தி, கைத்தொலைபேசியில் ஒரு பட்டியலைக் காட்டினான். 648 சிசி என்ஜினை 865 ஆக்கும் பெரிய போர் கிட், திறந்த எயார் பில்டர், இரண்டு சைலன்சர், என்ஜின் கணினியான ஈ.சி.யு.வுக்குப் பெற்றோலை அளக்கும் புது மேப்.

"அண்ணை, எல்லாத்தையும் ஒரே நாளிலை போட்டுத் தாங்கோ. மனிசியைப் பின்னாலை இருத்திக்கொண்டு வேல்ஸ் முருகனிட்டைப் போறன்."

கார்மார்தன் பக்கத்து மலைக்குள் இருக்கும் ஸ்கந்தவேல் கோயிலைத்தான் சொன்னான். லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஏறத்தாழ 230 மைல். செவர்ன் பாலம் தாண்டியும் நெடுஞ்சாலை, கடைசியில் வளைந்து ஏறும் ஒடுங்கிய வீதி.

"முதல்லை லைசன்சைக் காட்டும் தம்பி" என்றேன். நினைத்தது சரி. ஏ2. அந்த லைசன்சின் எல்லை 35 கிலோவாட். இன்டர்செப்டர் கம்பனியிலிருந்து வரும்போதே 47 குதிரைவலு, அதாவது அந்த எல்லையிலேயேதான் நிற்கிறது. என்ஜினை மூன்றில் ஒரு பங்கு பெரிதாக்கினால் அடுத்த நாள் காலை அந்த வண்டியை ஓட்ட அவனுக்கு லைசன்ஸ் இல்லை. காப்புறுதிக்காரருக்குச் சொல்லாமல் மாற்றினால் காப்புறுதியும் இல்லை. அவன் பார்த்து வைத்திருந்த சைலன்சரில் வீதிப் பாவனைக்கு உரியதல்ல என்று முத்திரை குத்தியிருந்தது. எம்.ஓ.டி. பரிசோதனையில் அதைக் கண்டால் வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள். பட்டியலில் பாதி அங்கேயே போயிற்று. தம்பியின் முகம் வாடிவிட்டது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

மிச்சப் பாதியை ஏன் வெட்டினேன் என்று சொல்வதற்கு யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டும்.

1990-இல் பொருளாதாரத் தடை வந்தபின் எங்கள் பக்கம் பெற்றோல் தங்கத்தைப் போல ஆயிற்று. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலை நாலு சொட்டுக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு விடவேண்டும். நான் வேலை பழகிய கராச்சில் பெரியண்ணை என்று ஒருவர்தான் எல்லாம். ஹொண்டா சி 50, சி 90 என்று வரிசையில் நிற்கும். மண்ணெண்ணெய் அழுத்தம் தாங்காது, முந்தி வெடித்து என்ஜினைத் தட்டும். அதற்காக அவர் ஹெட்டுக்கு அடியில் இன்னொரு காஸ்கெற் வைத்து அழுத்தத்தைக் குறைப்பார். பொயின்ற் தட்டை ஒரு நூலளவு திருப்பி நெருப்பைப் பிந்த வைப்பார். எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். ஒயில் குறையவேண்டிய இடத்தில் கூடும். ஒயில் கோலை மூக்கடியில் வைத்து மணந்து பார்த்தே, "இது இன்னும் ரெண்டு கிழமைதான்" என்பார். தப்பியதில்லை.

இங்கிலாந்துக்கு வந்தபின் ஒரு விவசாயக் கண்காட்சியில் பழைய பெர்குசன் ட்ரக்டர் ஒன்றைப் பார்த்தேன். பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெய் வகை எண்ணெய்க்கு மாற்றும் வகை. அழுத்தமும் குறைத்தே செய்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் இங்கிலாந்தின் உழவர்களும் எங்களைப் போலத்தான் ஓட்டியிருக்கிறார்கள். பெரியண்ணைக்குக் காட்டியிருந்தால் அதிசயப்பட்டிருக்க மாட்டார். "பின்னை என்ன?" என்றிருப்பார்.

அந்தக் கராச்சில் ஒருவரும் குதிரைவலு கேட்கவில்லை. சாவகச்சேரி போய்த் திரும்பி வருமா என்றுதான் கேட்டார்கள். நெடும்பயண வண்டிக்கு நான் இன்றும் வைக்கும் கேள்வி அதுதான்.

இதைச் சொல்கிற நானே லண்டனுக்கு வந்த புதிதில் மறந்தேன். காபரேற்றர் வைத்த புல்லட் 500 ஒன்று வந்தது. திறந்த சைலன்சர், திறந்த பில்டர் இரண்டையும் பூட்டினேன். காற்றுக் கூடினால் பெற்றோலும் கூடவேண்டும் என்று மெயின் ஜெட்டை இரண்டு அளவு பெரிதாக்கினேன். ஏ13-இல் முழு திரொட்டிலில் ஓட்டிப் பார்த்தேன், பாட்டுப் பாடியது. சொந்தக்காரர் எம்4 நெடுஞ்சாலையில் மணிக்கு 55 மைலில் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தபோது பிஸ்ரன் இறுகிப் பின் சில்லு பூட்டிக்கொண்டது. கிளச்சைப் பிடித்து ஓரங்கட்டித் தப்பினார். கழற்றிப் பார்த்தால் பிஸ்ரன் பக்கம் எல்லாம் கீறல்.

பிழை முழுக்க என்னுடையது. மெயின் ஜெட் முழுக்கத் திறந்தால்தான் பேசும். கால் திறப்பிலிருந்து முக்கால் திறப்புவரை பெற்றோலை அளப்பது நீடில். நெடும்பயணக்காரர் நாள் முழுக்க இருப்பது அந்த நடுவில்தான். நான் நீடிலைத் தொடவேயில்லை. கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்கி நீடிலை உயர்த்தியிருந்தால் அந்த பிஸ்ரன் இன்றும் ஓடியிருக்கும். செலவை நானே ஏற்றேன். அதற்குப் பிறகு, ஓட்டுபவர் எந்தத் திறப்பில் அதிகம் ஓட்டுவாரோ அந்தத் திறப்பில் நாலைந்து மைல் ஓட்டி, கிளச்சைப் பிடித்து அப்படியே என்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் ஒரு வண்டியும் கொடுத்ததில்லை. ஈயமில்லாப் பெற்றோலில் பிளக்கின் நுனி நிறம் ஏமாற்றும். வெள்ளைப் பீங்கானின் அடியில், உள்ளே ஆழத்தில் இருக்கும் வளையத்தைப் பாருங்கள்.

இன்டர்செப்டரில் நீடில் இல்லை, இன்ஜெக்‌ஷன். அதனால் ஏமாறாமல் இருக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒருமுறை ஒரு வண்டி பெற்றோலைக் குடித்தது. மேப்பை மாற்றினேன், திரும்ப மாற்றினேன், இரண்டு நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால் ஹெட்டில் சைலன்சர் குழாய் சேரும் இடத்துக் காஸ்கெற் தளர்ந்திருந்தது. அதற்குள்ளால் வெளிக்காற்றுப் புகுந்திருக்கிறது. லாம்டா சென்சர் அந்த ஒட்சிசனைக் கண்டு, என்ஜினுக்குப் பெற்றோல் போதவில்லை என்று ஈ.சி.யு.வுக்குச் சொல்கிறது. அது இன்னும் ஊற்றுகிறது. சில பவுண் காஸ்கெற்றுக்கு நான் கணினியைத் தட்டிக்கொண்டிருந்தேன். இப்போது முதலில் தொடுவது குழாய் மூட்டை, பிறகு இன்டேக் ரப்பரை. மடிக்கணினி கடைசி.

தம்பியின் வண்டியை இரவு கராச்சில் விடச் சொன்னேன். வால்வ் கிளியரன்ஸ் பார்க்க என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கவேண்டும். காலையில் ஓட்டிவிட்டு மத்தியானம் பார்ப்போம் என்றால் சரிவராது. காலையில் இடைவெளி அளக்கும் பீலர் கேஜை விட்டேன். எக்ஸோஸ்ற் பக்கம் இரண்டு வால்வ் இறுகியிருந்தன. அவன் அதற்கு முன் "என்ஜின் நல்லா அமைதியா ஓடுது அண்ணை" என்று பெருமையாகச் சொன்னான். டிக் டிக் என்று மெல்லத் தட்டும் வால்வுக்குப் பயப்படவேண்டாம், சத்தமே போன வால்வுக்குப் பயப்படு என்று பெரியண்ணை தலையில் குட்டிச் சொல்லித்தந்தார். இறுகிய வால்வ் இருக்கையில் சரியாக அமராது. அமர்ந்தால்தான் சூடு ஹெட்டுக்கு இறங்கும். அமராத வால்வ் எரிந்துபோகும். அதுவும் வேல்ஸ் மலையில், இரண்டு பேர் பாரத்தோடு.

பீலர் கேஜ் பிடிப்பதற்குக் கை பழகவேண்டும். தகடு இழுபடவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். ஈரக் கடதாசியை இரண்டு விரலுக்கிடையில் இழுப்பதுபோல் என்று நான் பழகுகிறவர்களுக்குச் சொல்வேன். லொக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூ கூடவே ஒரு மயிரளவு திரும்பும். ஆகவே இறுக்கியபின் மறுபடியும் அளக்கவேண்டும். இந்த மறுபடியும் அளக்கிற பொறுமை வராதவர்களை நான் வேறு வேலை பார்க்கச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேரை.

பின் பிரேக் உரசிக்கொண்டிருந்தது. செயின் ஒரு இடத்தில் இறுக்கம், இன்னொரு இடத்தில் தொய்வு. குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு செய்த வேலை. பில்டரை மாற்றி, புது பிளக் போட்டு, ஒயில் கையேட்டில் சொன்னதை ஊற்றினேன். முன் ஸ்ப்ரொக்கெற்றில் ஒரு பல் கூட்டுவமா என்று கேட்டான். நெடுஞ்சாலையில் என்ஜின் ஆறுதலாகச் சுற்றும், உண்மைதான். பாரத்தோடு மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் கியர் இறக்கவேண்டி வரும். கம்பனி போட்டதையே விட்டேன். சென்னைக்குப் பக்கத்தில் செய்யும் வண்டி. வெயிலும் நெரிசலும் பார்த்து வளர்ந்த என்ஜின்.

மேப்பையும் தொடவில்லை. டாங்க் 13.7 லீற்றர், இங்கத்தைய கணக்கில் மூன்று கலன். கலனுக்கு 60 மைல் என்றால் 180 மைலுக்குள் எங்காவது பெற்றோல் போடவேண்டும். பெற்றோலைக் கூட்டும் மேப்பைப் போட்டால் அது இன்னும் கிட்ட வரும். வலுவை அளக்கும் டைனோவில் இரண்டு குதிரைவலு கூடியதாகத் தாளில் காட்டுவார்கள். அந்தத் தாளை நான் சட்டம் போட்டு மாட்டியதில்லை.

மிச்சமான காசில் பின்பக்க ஷொக் இரண்டு வாங்கு, மனிசி உனக்கு நன்றி சொல்லுவா என்றேன். வாங்கினான். ஆடியில் போய் வந்தார்கள். திரும்பி வந்ததும் ஒயில் கோலை இழுத்து, பழக்கதோஷத்தில், மணந்து பார்த்தேன். போகும்போது இருந்த அளவிலேயே நின்றது.

பழக விரும்புகிறவர்கள் சனிக்கிழமை காலை 8 மணிக்கு வாருங்கள். சொந்தமாக ஒரு பீலர் கேஜும் ஒரு கொப்பியும் கொண்டுவாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்வோம், செய்ததை எழுதுவோம். வண்டியை ஓட்டிக்கொண்டு வரவேண்டாம், முதல்நாள் பின்னேரமே கொண்டுவந்து விடுங்கள்.