ஜாபிதா

எழுத்தாளன் வீட்டில் மேஜைமேல் கிடக்கும் நோட்டுப் புத்தகத்தை யாரும் தொடுவதில்லை. அதில் இருப்பது கதை. கதை எப்படியும் அச்சில் வரத்தானே போகிறது, அப்போது படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். அந்தத் தைரியத்தில் என் நாவலின் ஏழாம் அத்தியாயத்துக்கும் எட்டாம் அத்தியாயத்துக்கும் நடுவில் ஒரு ஜாபிதா எழுதி வைத்திருந்தேன். அதைவிடப் பத்திரமான இடம் இந்த வீட்டில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மளிகைக் கணக்கு எழுத வெற்றுத் தாள் தேடி வந்த என் மனைவி அதைப் படித்துவிட்டாள்.

"லிஃப்ட் கிட் 2 அங்குலம். டயர் 33 அங்குலம், ஐந்து. இரும்பு பம்பர், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வின்ச். ஸ்நார்க்கல். கூரைமேல் விளக்கு நான்கு. டிபரன்ஷியல் பூட்டு..." என்று பள்ளிக்கூடத்துப் பெண்போல் உரக்க வாசித்துக்கொண்டே போனாள். மொத்தம் பதினொரு சாமான்கள். கடைசியில் நான் கூட்டிப் போட்டிருந்த தொகைக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. நாவல் முடிந்து வரக்கூடிய பணத்தைப்போல் அது இரண்டு மடங்கு.

"என்னங்க, எந்த நாட்டுமேல படையெடுக்கப் போறீங்க?" என்றாள்.

படையெடுப்பு ஒன்றும் இல்லை. அவளுடைய அப்பா வீட்டுக்குப் போவதற்குத்தான்.

என் மாமனாருக்கு வயது 78. வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி வழியாக மலை ஏறினால் தாண்டிக்குடி. அதற்கு அப்பால், தார்ச்சாலையை விட்டு விலகி இரண்டு கிலோமீட்டர் தூரத்தில், சில்வர் ஓக் நிழலில் அவருடைய சிறிய காப்பித் தோட்டம். மாமியார் காலமான பிறகும் அவர் கீழே இறங்கி வந்து எங்களோடு இருக்கச் சம்மதிக்கவில்லை. "செடியெல்லாம் யார் முகத்தைப் பார்க்கும்?" என்பார். சென்ற வருஷம் இருதயம் கொஞ்சம் மக்கர் செய்தது. அதிலிருந்து மாதம் ஒரு முறை மதுரைக்கு அழைத்துவந்து டாக்டரிடம் காட்டவேண்டும். அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டர் பாதை என்று பெயர் பெற்றது, அவ்வளவுதான். மற்ற நாளில் கல், மழை நாளில் சேறு, நடுவில் ஓர் ஓடை. ஐப்பசி கார்த்திகையில் இரவு நேரத்தில் டெலிபோன் மணி அடித்தால் என் மனைவி எடுக்கமாட்டாள். என்னை எடுக்கச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அதற்காகத்தான் வண்டி வாங்கினோம். மஹீந்திரா தார். 2020ஆம் வருஷம் அக்டோபரில் விற்பனைக்கு வந்த புது மாதிரியில், டீசல் எஞ்சின். 1947ல் அந்தக் கம்பெனி பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லீஸ் ஜீப்பின் வம்சம். நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. மேட்டில் மெதுவாக, ஆனால் பலமாக ஏறுவதற்கு லோ கியர் என்று தனியாக ஒரு நெம்புகோல் உண்டு. கம்பெனியிலிருந்து வந்தபடியே, ஒரு திருகாணிகூட மாறாமல் அது எங்கள் வாசலில் நின்றது.

அது அப்படி நின்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வண்டியை வைத்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் சாலையில் பார்த்துக்கொள்ளும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? முகத்தைப் பார்ப்பதில்லை. டயரைப் பார்ப்பார்கள். பிறகு பம்பர். பிறகுதான், ஏதோ பாவம் பார்த்து, உள்ளே இருக்கும் மனிதன். மதுரையில் ஒரு பட்டறைக்கு எண்ணெய் மாற்றப் போயிருந்தேன். அங்கே இருந்த இளைஞன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஸார், இதை இப்படியே வெச்சிருக்கிறது பாவம் ஸார்" என்றான். வயது வந்த பெண்ணை வீட்டில் வைத்திருப்பவனிடம் ஊரார் பேசும் தொனி. அன்றிரவு எழுதியதுதான் அந்த ஜாபிதா.

மனைவி கேட்ட கேள்வி மனத்தில் தைத்ததால், வீம்புக்காகவாவது ஒவ்வொரு சாமானுக்கும் நியாயம் தேட உட்கார்ந்தேன். வண்டியோடு வந்த கையேட்டை அப்போதுதான் முதல் தடவையாகப் பிரித்தேன். பிறர் என் புத்தகங்களைப் படிக்கவில்லை என்று இருபது வருஷமாகக் குறைப்படுகிறவன் நான். என் வண்டியின் புத்தகம் ஒரு வருஷம் பிரிக்கப்படாமல் கிடந்திருக்கிறது.

முதல் அவமானம் அதிலேயே காத்திருந்தது. சாதாரண டிபரன்ஷியலுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கத்துச் சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், எஞ்சினின் ஓட்டமெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போய் அது வீணாகச் சுழலும். தரையில் நிற்கும் சக்கரம் சும்மா இருக்கும். உழைக்கிறவனை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறவனுக்குப் படியளக்கும் குடும்பத்தைப்போல. இதைத் தடுக்கத்தான் நான் பூட்டு வாங்க எண்ணியிருந்தேன். என் வண்டியில், பின் சக்கரம் ஒன்று அப்படிச் சுழலத் தொடங்கியவுடன் தானே பூட்டிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கம்பெனிக்காரர்களே வைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். ஜாபிதாவில் ஒன்று போயிற்று.

ஸ்நார்க்கல் என்பது எஞ்சின் மூச்சு விடுவதற்காகக் கூரை வரையில் ஏற்றிவைக்கும் குழாய். ஆழமான தண்ணீரில் போகிறவனுக்கு அது வேண்டும். 650 மில்லிமீட்டர் ஆழம் வரை இந்த வண்டி அப்படியே போகும் என்று கம்பெனி சொல்கிறது. மாமனார் பாதையில் குறுக்கிடும் ஓடை பெருகினாலும் என் முழங்காலைத் தாண்டாது. தாண்டுகிற அன்று வேகத்தில் ஆளையே உருட்டிவிடும், அன்று குழாய் வைத்திருந்தாலும் இறங்கக்கூடாது. இரண்டாவதும் போயிற்று.

இரும்பு பம்பர் விஷயத்தில் சட்டம் குறுக்கே வந்தது. 2017 டிசம்பரில் மத்திய சர்க்கார் முன்பக்கக் காவல் கம்பிகள் கூடாதென்று மாகாணங்களுக்கு எழுதியது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும், பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாதென்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னதையும் சேர்த்துப் படித்தால், பட்டறை இளைஞன் "ஒண்ணும் ஆகாது ஸார்" என்று சொன்னதில் பாதி சாமான்களைப் பற்றி யோசிக்கவேண்டியிருந்தது. சட்டத்தை விடுங்கள். மோதும்போது முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், ஏர்பேக் சரியான சமயத்தில் விரியவேண்டும் என்று யாரோ கணக்குப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அந்தக் கணக்கின் குறுக்கே நான் ஓர் இரும்புத் தூணைக் கொண்டுபோய் நிறுத்துகிறேன். வின்ச்சும் பம்பரும் சேர்ந்து மூக்கின்மேல் ஓர் ஆள் பாரம் உட்காரும். அந்தப் பாரத்துக்காக முன் ஸ்பிரிங்கை மாற்றவேண்டும். ஒன்றை மாற்றினால் ஒன்பதை மாற்றவேண்டும் என்பது இந்த வித்தையின் முதல் பாடம்.

இத்தனைக்கும் பிறகு இரண்டை மட்டும் விட மனம் வரவில்லை: பெரிய டயர், 2 அங்குல உயரம். உயரம் இருந்தால்தானே கல் அடியில் தட்டாது? இந்த நம்பிக்கையோடு போன நவம்பரில் மாமனாரை அழைத்துவரப் புறப்பட்டேன்.

முதல் நாள் இரவு முழுக்க மழை. தார்ச்சாலையை விட்டு இறங்கி அரைக் கிலோமீட்டர் போவதற்குள் ஒரு செம்மண் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. சக்கரம் நான்கும் சுழல்கிறது, வண்டி பக்கவாட்டில் மட்டும் நகர்கிறது. பக்கவாட்டில் இருந்தது பள்ளம். இறங்கி நின்று, அந்த வின்ச் இருந்திருந்தால் என்று மனைவியை மனத்துக்குள் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது தோட்ட ஜீப் ஒன்று மேலிருந்து இறங்கி வந்தது. கூலியாட்களையும் மிளகு மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு முப்பது வருஷமாக மலை ஏறி இறங்கும் பழைய ஜீப். டிரைவர் அறுபதைத் தாண்டியவர். என் மாமனாருக்கு வேண்டியவர். இறங்கி வந்து வண்டியைப் பார்க்கவில்லை. பாதையை மேலே வரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். பிறகு என் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"காத்து எவ்வளவு தம்பி வெச்சிருக்கீங்க?"

"30 பவுண்டுக்கு மேலே இருக்கும் அண்ணே."

"அது மதுரை ரோட்டுக்கு. இங்கே யாருக்கு அவ்வளவு காத்து?" என்று சொல்லி, ஒரு குச்சியால் வால்வை அழுத்தி நான்கு சக்கரத்திலும் காற்றை இறக்கினார். பிறகு அளந்து பார்த்தபோது 18 பவுண்டு இருந்தது. கடினமாக உருண்டுகொண்டிருந்த டயர், சப்பாத்தி மாவுபோல் தரையோடு படிந்தது. தரையைத் தொடும் பாகம் நீண்டது. லோ கியரில் போட்டு, காலை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக இழுக்கும்படி விடச் சொன்னார். வண்டி ஏறிற்று. பூனை மாடிப்படி ஏறுவதுபோல், சத்தமில்லாமல் ஏறிற்று.

மேலே போனதும் ஒரு பெரிய கல். அதை நடுவில் விட்டுக் கடக்கலாமென்று ஒடித்தேன்.

"கல்லை வயித்துக்கு அடியிலே விடாதீங்க தம்பி. சக்கரத்தைத் தூக்கிக் கல்லுமேலே வைங்க. குண்டு தப்பிச்சுக்கும்."

குண்டு என்று அவர் சொன்னது பின் அச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷியல் கூட்டை. அந்த வார்த்தையில் என் லிஃப்ட் கிட் விழுந்தது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் உடம்புதான் உயரும். அச்சும் அதன் குண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். குண்டு உயரவேண்டுமானால் டயர்தான் பெரிதாகவேண்டும். அதிலும் பாதிதான் கிடைக்கும். 31 அங்குலத்துக்கு 33 போட்டால் அச்சு 1 அங்குலம் உயரும். அந்த 1 அங்குலத்துக்காக எஞ்சின் அதிகம் இழுக்கவேண்டும், பிரேக் அதிகம் பிடிக்கவேண்டும். கடிகாரம் 60 காட்டும்போது வண்டி 64ல் போய்க்கொண்டிருக்கும். கிழவர் ஒரு பைசாச் செலவில்லாமல், சக்கரத்தை எங்கே வைப்பது என்று சொல்லி, ஒரு சாண் உயரம் கொடுத்துவிட்டார்.

தோட்டத்து வீட்டு வாசலில் மாமா தயாராக நின்றார். வெள்ளை வேஷ்டி, கம்பளிச் சால்வை, கையில் மருந்துப் பை. கதவைத் திறந்துவிட்டேன். ஒரு காலைத் தூக்கினார், முழங்கால் மடங்கவில்லை. மற்றக் காலைத் தூக்கிப் பார்த்தார். நான் கையைப் பிடிக்கப் போனேன், வேண்டாமென்று தலையசைத்தார். மகன் இல்லாதவர். மருமகன் தூக்கிவிடுவதற்கு இன்னும் மனம் இடம் கொடுக்கவில்லை. மூன்றாம் முறை முயன்று, முடியாமல், "அடுத்த மாசம் பார்க்கலாமே மாப்பிள்ளே. இப்ப எனக்கு ஒண்ணும் இல்லையே" என்றார்.

போன மாதம் தோட்ட ஜீப் டிரைவர் வந்து கைகொடுத்து ஏற்றியிருந்தார். அதனால் நான் இதைக் கவனிக்கவே இல்லை. இந்த மனிதர் ஏறுவதற்காக வாங்கிய வண்டியை இன்னும் 2 அங்குலம் உயர்த்துவதற்கு நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். டயரில் 1 அங்குலம், ஆக 3. பதினொரு சாமான்களில் அவருக்கென்று ஒன்றுகூட இல்லை. மதுரை மாசி வீதிகளில் என்னைப் பார்க்கப்போகிற கண்களுக்காக எழுதிய ஜாபிதா அது.

கதவுக்கடியில் நிரந்தரமாகப் படி பூட்டலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இரு சக்கரங்களுக்கும் நடுவே வண்டியின் வயிறு மேட்டைத் தட்டாமல் கடக்கும் கோணம் இதில் ஏறத்தாழ 27 பாகை. முன்னால் 42, பின்னால் 37. இருப்பதிலேயே குறைவான கோணத்தில் படியைத் தொங்கவிட்டால் முதல் கல்லே அதைப் பறித்துக்கொள்ளும்.

காப்பி உலர்த்தும் களத்தின் ஓரத்தில் ஒரு முக்காலி கிடந்தது. பலா மரத்தில் செய்தது. மாமியார் உட்கார்ந்து கொட்டை பொறுக்கியது. டிரைவர் அதைக் கொண்டுவந்து கதவுக்குக் கீழே வைத்து, சற்று ஆட்டிப் பார்த்து, ஒரு காலுக்கடியில் சில்லு ஒன்றைச் செருகினார். மாமா அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அதன்மேல் ஏறி, ஆசனத்தில் உட்கார்ந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

தார்ச்சாலைக்கு வந்ததும் டிரைவர் சொல்லி அனுப்பியபடி மெள்ள ஓட்டி, வழியில் முதல் கடையில் காற்றை மறுபடி நிரப்பிக்கொண்டேன். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறிக் கெட்டுப்போகும். திருப்பத்தில் விளிம்பைவிட்டுக் கழன்றாலும் கழலும்.

அன்றிரவு ஜாபிதாவைத் திருத்தி எழுதினேன். காற்று அளக்கும் கருவி ஒன்று, வண்டி மின்சாரத்தில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று. தரமான இழுவைக் கயிறு. அதை மாட்டுவதற்குக் கம்பெனி கொடுத்திருக்கும் இடங்களைத் தெரிந்துகொள்வது. கண்ட கொக்கியில் மாட்டி இழுத்தால் அது பிய்ந்துகொண்டு குண்டுபோல் பாயும். ஆள் உயிருக்கு ஆபத்து. டயர்? இப்போது இருப்பது தேயட்டும். தேய்ந்தபிறகு அதே அளவில், சேற்றுக்கும் கல்லுக்கும் ஏற்ற பூவுள்ளதாக வாங்கலாம். அவ்வளவுதான். நாவலின் எட்டாம் அத்தியாயத்திலிருந்தும் அன்றைக்கே பதினாறு பக்கங்களை எடுத்துவிட்டேன். அவையும் வீதியில் பார்க்கிறவர்களுக்காக எழுதியவைதான்.

மனைவி படித்துப் பார்த்தாள். "முக்காலியை எழுதலையே" என்று பென்சிலை வாங்கி, எல்லாவற்றுக்கும் மேலே, 1 என்று இலக்கம் போட்டு எழுதினாள்.

சென்ற வாரம் பட்டறைக்குப் போனேன். அந்த இளைஞன் ஆவலோடு ஓடிவந்தான். "என்ன ஸார், ஏதாவது மாத்தினீங்களா?"

பின்கதவைத் திறந்து காட்டினேன். கயிறு போட்டு இறுகக் கட்டியிருந்த முக்காலியைக் குனிந்து பார்த்தான். சுற்றிச் சுற்றிப் பெயர்ப்பலகை தேடினான்.

"எந்தக் கம்பெனி ஸார்?" என்றான்.

"தாண்டிக்குடிப் பலா" என்றேன்.