புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் படம்: பார்ப்பது எப்படி?

ஒகேனக்கல்லில் அருவியை ஒரு நிமிஷம் கண்ணெடுக்காமல் பார்த்துவிட்டு, பக்கத்துப் பாறையைப் பாருங்கள். பாறை மெல்ல மேலே ஏறுவது போல இருக்கும். இந்தக் கண்மயக்கு தானாகவே வந்துவிடும். ஆனால் ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வருகிற அந்தக் கலர் கலரான முப்பரிமாணப் படங்கள் அப்படியில்லை. பக்கத்தில் இருப்பவர் "அதோ, சுறாமீன்!" என்று குதிப்பார். உங்களுக்கோ வெறும் புள்ளிகள்தான் தெரியும்!

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நம் இரண்டு கண்களும் சுமார் 6 செ.மீ. தள்ளி இருப்பதால், இரண்டும் கொஞ்சம் வேறுபட்ட காட்சியைப் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டை வைத்துத்தான் மூளை தூரத்தைக் கணக்கிடுகிறது. கணினியால் வெறும் புள்ளிகளை அச்சிட்டு இதை நிரூபித்தவர் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த பேலா யூலெஸ். அவர் காலத்தில் இரண்டு படங்கள் தேவைப்பட்டன. 1979ல் கிறிஸ்டோபர் டைலர் அதை ஒரே படமாக்கினார். 1990களில் 'மேஜிக் ஐ' புத்தகங்கள் உலகம் முழுக்கப் பரவின.

சரி, எப்படிப் பார்ப்பது?

படத்தை மூக்கை ஒட்டிப் பிடியுங்கள். படத்தைப் பார்க்காதீர்கள், அதைத் தாண்டி தூரத்தில் எதையோ பார்ப்பது போல கண்ணைத் தளர்த்துங்கள். எல்லாம் மங்கலாகத் தெரியும், பரவாயில்லை. அந்தப் பார்வையை மாற்றாமல் படத்தை மெதுவாகப் பின்னால் நகர்த்துங்கள். அவசரம் கூடாது. படத்தைச் சாய்க்கவும் கூடாது. மேலே இரண்டு புள்ளிகள் அச்சிட்டிருந்தால் அவை மூன்றாகத் தெரியும் வரை காத்திருங்கள். கண்ணாடி போட்ட படமாக இருந்தால் இன்னும் சுலபம், அதில் தெரியும் உங்கள் முகத்தைப் பாருங்கள். மேடாக வரவேண்டியது பள்ளமாகத் தெரிந்தால், கண்கள் படத்துக்கு முன்னாலேயே குவிந்துவிட்டன என்று அர்த்தம். மறுபடி முயலுங்கள்.

உற்று உற்றுப் பார்ப்பவருக்குத்தான் இது கடைசி வரை தெரியாது என்பது வேடிக்கை!

ஒரு விஷயம் முக்கியம். எவ்வளவு முயன்றும் சிலருக்குத் தெரிவதே இல்லை. அவர்களைக் கிண்டல் செய்யாதீர்கள். மாறுகண் உள்ளவர்களுக்கும், ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைந்த 'சோம்பேறிக் கண்' உள்ளவர்களுக்கும் இந்தப் படம் பிடிபடுவது கஷ்டம். சோம்பேறிக் கண் வெளியே பார்த்தால் தெரியாது. நல்ல கண் எல்லா வேலையையும் பார்த்துக்கொள்வதால் குழந்தைக்கே அது தெரியாமல் போகும். கண் டாக்டர்களும் இதே புள்ளிப் படங்களை வைத்து குழந்தைகளின் ஆழப் பார்வையைச் சோதிப்பதுண்டு. சின்ன வயதிலேயே கண்டுபிடித்தால், தேவையான கண்ணாடி கொடுத்தோ, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்தோ சரிசெய்ய நல்ல வாய்ப்பு உண்டு. வயது ஏற ஏற அது கடினமாகிவிடும்.

படம் தெரியாத எல்லோருக்கும் கண்ணில் கோளாறு என்று அர்த்தமில்லை, பலருக்குப் பழக்கம்தான் போதாது. ஆனாலும் வீட்டில் ஒரு குழந்தை "எனக்கு மட்டும் தெரியலை" என்று திரும்பத் திரும்பச் சொன்னால், ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.