காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு கூரை

மின்சார வாகனத்தை மனதில் வைத்து ஒரு பொதுக் கட்டடம் வரையுங்கள் என்றதும், நான் முதலில் அதன் உருவத்தைத்தான் வரைந்தேன். வளைந்த முகப்பு, அலுமினியத் தகடு, நீல விளக்கு. நெடுஞ்சாலையோரம் அந்த சார்ஜிங் நிலையம் எழுந்த பிறகு, ஒரு மே மாத மதியம் போய்ப் பார்த்தேன். கூரைக்குக் கீழே வண்டிகள் நின்றன. வந்தவர்கள் எதிரே வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஒரு பாட்டி துண்டை விரித்து மண்ணில் படுத்திருந்தார்.

வண்டியின் அழகில் மயங்கி, அது நிற்கும் நேரத்தை மறந்திருந்தேன். பெட்ரோல் பங்க்கில் ஐந்து நிமிடம். வேக சார்ஜரில்கூட அரை மணி ஆகும், சமயத்தில் ஒரு மணி. அவ்வளவு நேரம் வழிப்போக்கர் தங்கிப்போகும் இடங்கள் நமக்குப் புதிதா? சாவடி, சத்திரம், தண்ணீர்ப்பந்தல். சுமைதாங்கிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். குனியாமல், துணைக்கு ஆள் கூப்பிடாமல், தலைச்சுமையை அப்படியே இறக்கி அப்படியே ஏற்றிக்கொள்ளும் உயரம் அது. அந்த அளவை எடுத்தவர் யாரோ, அவரிடம்தான் நான் தொழிலை மறுபடி படித்தேன்.

இப்போது திண்ணையிலிருந்து வரையத் தொடங்குகிறேன். உட்கார 45 செ.மீ. உயரம், தலை சாய்க்கப் போதுமான அகலம். வேக சார்ஜரின் கேபிள் நல்ல கனம். அதை மேலிருந்து தொங்கவிட்டு எடையைச் சமன் செய்தால், வயதானவரும் தானே மாட்டிக்கொள்வார். கனமான பேட்டரியைத் தரையோடு பரப்பி, மேலே ஆட்களுக்கு இடம் விடும் வண்டியின் அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் வெள்ளம் ஏறும் ஊரில் மின்பெட்டியைக் கீழே வைக்க முடியாது. சைட்டுக்குப் போனதும் பக்கத்துச் சுவரில் பழைய வெள்ளத்தின் கறையைத் தேடுவேன். சார்ஜர் அதற்கு மேலேதான் நிற்கும்.

டென்மார்க்கின் ஃப்ரெடெரிசியாவில் 2019இல் 'கோபே' கட்டடக்கலைக் குழு மரத்தாலேயே ஒரு நிலையம் அமைத்தது. கிளை விரிக்கும் தூண்கள், சுற்றிலும் செடிகள். புகையும் பெட்ரோல் ஆவியும் இல்லாத இடத்தில்தான் இலையும் மனிதரும் வண்டிக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்க முடியும்.

சூரியத்தகடு விஷயத்தில் பணம் போடுபவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் கூரை வேண்டும். நம் வெயிலில் அது நாளொன்றுக்குத் தருவது சுமார் 4 யூனிட். 100 சதுர மீட்டர் முழுக்கப் பதித்தாலும் 40 யூனிட்தான். நடுத்தர கார் ஒன்று ஒருமுறை நிரம்பும். அதனால் கூரையை நிழலுக்காகவே முதலில் வரைகிறேன். பேட்டரிக்கும் வெயில் ஆகாது.

இப்போது கையில் இருப்பது மின்சார ஆட்டோக்களுக்கான நிலையம். என்ன வேண்டும் என்று ஸ்டாண்டில் கேட்டேன். "சார், சார்ஜரை கம்பெனிக்காரங்க கொண்டாந்து வச்சிருவாங்க. நீங்க கக்கூசுக்கு இடம் போடுங்க, பொம்பள டிரைவருங்களும் இருக்காங்க" என்றார் ஒருவர். தாளில் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் வந்துவிட்டன. சார்ஜரை இன்னும் வரையவில்லை.