நான் சொல்லாமல் விட்ட பாதி

2018 ஏப்ரல் 21, சனிக்கிழமை விடியற்காலை, கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் ஒரு பாலஸ்தீனரைச் சுட்டுக் கொன்றார்கள். பெயர் ஃபாதி அல்-பத்ஷ். காசாக்காரர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு மலேசியாவிலேயே விரிவுரையாளராக இருந்தவர். சுபுஹு தொழுகைக்கு நடந்து போனவரை மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் சுட்டுவிட்டுப் பறந்துவிட்டார்கள். அவர் எங்கள் ஆள் என்றது ஹமாஸ். இஸ்ரேலிய உளவுத்துறை மொசாட்டின் வேலை என்றார்கள் வீட்டார். இஸ்ரேலின் தற்காப்பு அமைச்சர் மறுத்தார்.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் நண்பர்களோடு பசியாறிக்கொண்டே நான் பேசியது இது: "பாத்தீங்களா, எங்க போய் ஒளிஞ்சாலும் விடமாட்டான்." ஏதோ என் பங்காளி சாதித்த மாதிரிப் பூரிப்பு. யார் செய்தது என்று நிரூபணம்கூட இல்லை, ஆனால் என் கைதட்டல் தயாராக இருந்தது. செத்தவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருப்பதைப் பேப்பரில் படித்துவிட்டுத்தான் பேசினேன். தெரியாமல் பேசிவிட்டேன் என்று இப்போது தப்பிக்க முடியாது.

இந்தப் பூரிப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பாதி பள்ளிக்கூடக் காலத்து வாசிப்பு. 1967-இல் இஸ்ரேல் ஆறே நாளில் மூன்று நாட்டுப் படைகளை விரட்டியது, 1976-இல் எண்டெபி விமான நிலையத்தில் இறங்கிப் பணயக் கைதிகளை மீட்டது, இதையெல்லாம் சாகசக் கதையாகவே படித்தோம். ஈராயிரம் வருஷம் நாடில்லாமல் அலைந்த யூதன் நாடு கண்டான், தமிழனும் ஒரு நாள் காண்பான் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நாடு அமைந்தபோது, 1948-இல், அதே மண்ணிலிருந்து ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட அரபுகள் வீடு வாசலை விட்டுப் போனதை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மீதிப் பாதி உள்ளூர்க் கோபம். அதை ஒளிக்க வேண்டியதில்லை. 2007 அக்டோபர் கடைசியில் பாடாங் ஜாவா மாரியம்மன் கோயிலை இடித்தார்கள். நவம்பர் 25-இல் இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் போனவர்கள் மேல் கண்ணீர்ப்புகை பாய்ந்தது. நம் கோயில் இடிந்தபோது வாய் திறக்காதவர்கள் காசாவுக்குக் கொடி பிடிக்கிறார்களே என்ற எரிச்சல் எனக்குள் அப்போதே ஊன்றிவிட்டது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் ஈழப்போர் எங்கள் சனத்தின் ரத்தத்தில் முடிந்தது. ரத்தம் காய்வதற்குள், மே 27-இல், ஜெனீவா மனித உரிமை மன்றத்தில் போர் முடிந்ததை வரவேற்று இலங்கைக்குச் சாதகமான தீர்மானம். ஆதரித்த 29 நாடுகளில் மலேசியா உண்டு. எகிப்து, ஜோர்டான், சவூதி, கத்தார், பஹ்ரைன் எல்லாம் உண்டு. இலங்கையின் பாலஸ்தீன ஆதரவுக் குழுவில் பல்லாண்டு தலைவராக இருந்தவர், அந்தப் போரை நடத்திய இலங்கை அதிபர் மகிந்த ராஜபக்ச; 2014-இல் ரமல்லாவில் ஒரு தெருவுக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

இவை அத்தனையும் உண்மை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது காசாவைப் பற்றி இரக்கமாக ஒரு வரி போட்டால், நான் இவற்றைத்தான் எடுத்து வீசுவேன். ஆனால் அந்த 29-இல் இந்தியாவும் இருந்ததைச் சொல்லமாட்டேன். வன்னிச் சனம் "கிபிர் வருது" என்று அலறிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடியதே, அந்தக் கிபிர் இஸ்ரேல் செய்து இலங்கைக்கு விற்ற போர் விமானம். 1996-இலிருந்து அது பறந்தது. கடலில் துரத்திய டோராப் படகின் பூர்வீகமும் அதே நாடுதான். எழுபதுகளில் ஈரோஸ் என்ற ஈழ இயக்கத்தின் இளைஞர்களை லெபனானுக்கு அழைத்து ஆயுதப் பயிற்சி கொடுத்தது பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத்தின் ஃபத்தா இயக்கம். எனக்கு இதெல்லாம் தெரியும். ஈழச் செய்திகளை விடாமல் படித்தவனுக்குத் தெரியாமல் போகுமா? வசதிப்படவில்லை, விட்டுவிட்டேன்.

தொழிலும் எனக்கு ஒரு சாக்குக் கொடுத்தது. நான் போர்ட் கிள்ளானில் ஃபார்வர்டிங் வேலை பார்ப்பவன். பி.எல். என்கிற சரக்குச் சீட்டு வந்ததும் கப்பல் கம்பெனியில் காசு கட்டி டி.ஓ. என்கிற விடுவிப்பு உத்தரவு எடுக்க வேண்டும், சுங்கத்துக்குக் கே-1 இறக்குமதிப் பாரம் போட வேண்டும். அப்புறம்தான் லோரி உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கும். அந்தப் பெட்டிகளில் 'ஸிம்' என்று பெரிய எழுத்துப் போட்டவையும் இருந்தன. இஸ்ரேல் பிறப்பதற்கு முன்பே, 1945-இல் தொடங்கிய யூதக் கப்பல் நிறுவனம். அதன் கொடியில் இருக்கும் ஏழு நட்சத்திரம் ஹெர்ஸல் யூத நாட்டுக்கென்று யோசித்து வைத்தது. நம் கடப்பிதழிலோ 'இஸ்ரேல் தவிர எல்லா நாடுகளுக்கும் செல்லும்' என்று அச்சடித்திருக்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி வருஷக்கணக்கில் சிரித்திருக்கிறேன். 2023 டிசம்பர் 20-இல் பிரதமர் அன்வார், ஸிம் கப்பல்கள் இனி எந்த மலேசியத் துறைமுகத்திலும் அணையக்கூடாது என்று அறிவித்தார். 2002-இல் அனுமதி கொடுத்ததே அமைச்சரவைதான் என்பதும் அந்த அறிக்கையிலேயே இருந்தது. எனக்குக் கொண்டாட்டம். காசாவில் அந்த வாரம் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள், நான் அடுத்தவன் போலித்தனத்தைக் கண்டுபிடித்த குஷியில் இருந்தேன். போலித்தனம் இருந்தது நிஜம்தான். அதனால் குழந்தைகள் சாகவில்லை என்று ஆகிவிடுமா?

அந்த அறிவிப்புக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. எங்கள் ஆபீஸில் பக்கத்து மேசை மலாய் அக்கா காசாவுக்குக் காசு சேர்த்தார். பிஸ்கட் டின்னின் மூடியில் ஓட்டை போட்டு, பாலஸ்தீன அடையாளமான தர்பூசணிப் படம் ஒட்டி, மேசை மேசையாக வந்தார். என் முறை வந்தபோது நான் காசு போடாமல் கேட்டேன்: "கக், 2009-ல எங்க ஜனங்க ஆயிரக்கணக்குல செத்தப்ப நீங்கல்லாம் எங்க போனீங்க?" எத்தனையோ தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்த கேள்வி.

அவர் கோபப்படவில்லை. "2009-ல என்ன நடந்துச்சு, அண்ணே? நான் அப்பவும் இதே நாற்காலியிலதானே இருந்தேன். நீங்க ஒண்ணுமே சொல்லலையே."

சொல்லவில்லைதான். விசாரணையில்லாமல் உள்ளே போடும் ஐ.எஸ்.ஏ. சட்டம் இருந்த காலம், புலி என்று பிடித்துப் போட்டுவிடுவார்கள் என்ற பயம் என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். கொஞ்சம் உண்மைகூட. ஆனால் அந்த மே மாதம் நான் எந்தக் கண்டனக் கூட்டத்துக்கும் போகவில்லை, எந்த உண்டியலிலும் ஒரு வெள்ளிகூடப் போடவில்லை. டிவி பார்த்தேன், பெருமூச்சு விட்டேன், மறுநாள் கே-1 பாரம் போட்டேன். ஆறேழு வருஷம் கழித்து வன்னியிலிருந்து வந்த ஒருவர் கிள்ளானில் எங்கள் வீட்டு மேல் அறையை வாடகைக்குக் கேட்டார். கையில் ஐ.நா. அகதி அட்டை மட்டும். மலேசியா அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத நாடு. அந்த அட்டையை வைத்துச் சட்டப்படி வேலைகூடச் செய்ய முடியாது. போலீஸ் தொந்தரவு வரும் என்று நினைத்து, அறை முடிந்துவிட்டது என்று பொய் சொல்லி அனுப்பினேன். அறை அதன் பிறகும் பல மாதம் காலியாகக் கிடந்தது. அதே நாட்களில் குழுவில் முள்ளிவாய்க்கால் படங்களைப் போட்டு மலாய்க்காரர்களின் மனசாட்சியைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவனும் நான்தான். முள்ளிவாய்க்கால் எனக்கு வாதத்தில் வீசுகிற கல்லாக இருந்தது. துக்கமாக இருந்ததில்லை.

அக்கா அதோடு விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்து, யாருக்கும் யாருக்கும் சண்டை, எதற்காக, எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டார். நான் தடுமாறினேன். 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னதை, அவர் போன பிறகு போனில் தேடித்தான் உறுதி செய்துகொண்டேன். காசாவை அடிக்க எனக்குத் தேவைப்பட்ட அளவுக்கு மட்டுமே ஈழம் தெரிந்து வைத்திருந்திருக்கிறேன்.

இதனால் நான் கொடி பிடிக்கிற ஆளாக மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். யூதர்கள் உலகைப் பினாமி வைத்து ஆள்கிறார்கள் என்று 2003-இல் புத்ராஜெயாவில் மகாதீர் பேசியது அன்றும் எனக்குக் கசந்தது, இன்றும் கசக்கிறது. 2023 அக்டோபர் 7-இல் சுமார் 1,200 பேரைக் கொன்று, 250 பேர் வரை பிடித்துக்கொண்டு போனதை வெற்றி என்று பேசியவர்களை இங்கே பார்த்தேன். அந்தப் பேச்சும் பிரிக்பீல்ட்ஸில் நான் பேசியதும் அண்ணன் தம்பி. ஆனால் காரின் பின்கண்ணாடியில் பாலஸ்தீனக் கொடியைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது இரக்கமில்லை, பாடாங் ஜாவாதான். அது போகவில்லை.

டின்னில் அன்று ஐம்பது வெள்ளி போட்டேன். வெட்கத்தில் போட்டது, தர்மக் கணக்கில் சேராது. வாட்ஸ்அப் குழுவில் நான் அனுப்பியவை அப்படியே இருக்கின்றன. கிபிரையும் இந்தியா போட்ட ஓட்டையும் பற்றி அங்கே ஒரு வரி எழுத வேண்டும் என்று பலமுறை எடுத்தேன். மைத்துனர்கள் இருக்கிறார்கள், "என்ன மாமா, கட்சி மாறிட்டீங்களா?" என்று கேலி செய்வார்கள். இன்னும் எழுதவில்லை.