தம்புரா நூலும் காம்ப்ளெக்ஸ் ஆஸிலேட்டரும்

சின்தசைஸர் என்றால் நம்மில் பலருக்கு மெல்லிசைக் குழு மேடையில் ஓரமாக நிற்கிற கீபோர்டுதான் நினைவுக்கு வரும். ஒரு பட்டனைத் தட்டினால் வயலின், இன்னொன்றைத் தட்டினால் ஷெனாய், தேவைப்பட்டால் நாய்கூடக் குரைக்கும். நான் சொல்லப்போவது அது இல்லை. இதில் வயலின் என்று பட்டனே கிடையாது. ஒரு "உம்ம்ம்" மட்டும் இருக்கும். அதை எதுவாக ஆக்குவது என்பது உங்கள் பாடு.

அலுவலக நண்பர் ஒருவர் வெளிநாடு போகும்போது தன் அனலாக் சின்தசைஸரை இரண்டு மாதத்துக்கு எங்கள் புனே வீட்டில் வைத்துவிட்டுப் போனார். சூட்கேஸ் அளவுக்கு ஒரு பெட்டி, நிறைய குமிழ்கள், கலர் கலராக ஒயர்கள். அதில் வீட்டை ஆட்டிவைத்தது ஒரே ஒரு பகுதிதான். அதன் பெயர் காம்ப்ளெக்ஸ் ஆஸிலேட்டர்.

முதலில் கொஞ்சம் அடிப்படை (பொறுத்துக்கொள்ளுங்கள், சின்னதுதான்). ஒரே சுருதியில் புல்லாங்குழலும் வீணையும் ஒலித்தாலும் இது குழல், இது வீணை என்று எப்படித் தெரிகிறது? சுருதியோடு சேர்ந்து அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேலே பல ஒலிகள் சன்னமாகக் கேட்கின்றன. இவைதான் ஹார்மானிக்ஸ். எது எவ்வளவு இருக்கிறது, எப்படி எழுந்து எப்படி அடங்குகிறது என்பதில்தான் நாதத்தின் நிறம் இருக்கிறது.

அனலாக் சின்தசைஸரில் இந்த நிறத்தைக் கொண்டுவர இரண்டு வழிகள் பிறந்தன, இரண்டும் அமெரிக்காவில், ஏறக்குறைய ஒரே காலத்தில். நியூயார்க் மாநிலத்தில் ராபர்ட் மூக் 1964ல் செய்யத் தொடங்கியது ஒரு வழி. எல்லா ஹார்மானிக்ஸும் நிறைந்த ஒரு முரட்டு அலையை எடுத்துக்கொள், வேண்டாததை ஃபில்டர் வைத்து வெட்டு. கல்லைச் செதுக்கிச் சிலை எடுக்கிற மாதிரி.

மேற்குக் கரையில் டான் புக்லா என்பவர் எதிர்ப்பக்கம் இருந்து வந்தார். சான்ஃபிரான்சிஸ்கோவில் மார்ட்டன் சுபாட்னிக், ரமோன் செண்டர் என்ற இரு இசையமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டதால் கருவி செய்ய ஆரம்பித்தவர் அவர். சுபாட்னிக் அந்தக் கருவியில் உருவாக்கிய 'சில்வர் ஆப்பிள்ஸ் ஆஃப் தி மூன்' 1967ல் இசைத்தட்டாகவே வந்தது. புக்லாவின் வழி இது: ஹார்மானிக்ஸே இல்லாத சாதுவான சைன் அலையில் தொடங்கு, அதை வளைத்து, மடித்து, நிறத்தை உள்ளிருந்தே வளர்த்தெடு. 1970களில் அவர் செய்த 259 என்ற மாடலில்தான் காம்ப்ளெக்ஸ் ஆஸிலேட்டர் முழு வடிவம் எடுத்தது. இன்று பல கம்பெனிகள் செய்பவை அதன் பேரப்பிள்ளைகள்.

உள்ளே இருப்பது இரண்டு ஆஸிலேட்டர்கள். ஒன்று பாடும். இன்னொன்று பாடுகிறவரை அசைக்கும். அசைப்பவர் நொடிக்கு ஐந்தாறு முறை ஆட்டினால் சுருதி மெல்ல ஊசலாடுகிறது, அவ்வளவுதான். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். நொடிக்கு இருபது, முப்பது என்று தாண்டும்போது ஊசலாட்டம் காதில் இருந்து மறைந்துவிடும். அதற்குப் பதில் ஒலியின் நிறம் மாறியிருக்கும்! அசைவு நிறமாக மாறுகிற அந்த இடத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்கவில்லை.

கணக்கு இப்படி. பாடுபவர் 220 ஹெர்ட்ஸ், அசைப்பவர் 110 என்று வைத்தால் புதிதாக 110, 330, 440 என்று பிறக்கும். எல்லாம் 110ன் மடங்கு என்பதால் காது ஒரே சுரமாக ஏற்றுக்கொள்ளும். அசைப்பவரை 311க்கு நகர்த்துங்கள். 531, 91, 842, 402 என்று ஒன்றுக்கொன்று உறவில்லாத ஒலிகள் பிறக்கும். அப்போது கேட்பது சுரம் இல்லை, கோயில் மணி. வெண்கலத்தில் வருகிற அந்தக் கணகணப்பு. (இதே கணக்கை 1967ல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கம்ப்யூட்டரில் செய்து பார்த்தார். அது வளர்ந்து 1983ல் யமஹாவின் டிஎக்ஸ்7 ஆனது.)

அடுத்தது மடிப்பு. ஆம்ப்ளிஃபையர் தாங்காத அளவுக்கு ஒலி போனால் அலையின் தலை வெட்டுப்படும். திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் கரகரப்பது அதனால்தான். காம்ப்ளெக்ஸ் ஆஸிலேட்டர் வெட்டாது. உச்சிக்கு மேல் போவதைத் திருப்பிக் கீழே மடிக்கும். இன்னும் கூட்டினால் மடித்ததையே மறுபடி மடிக்கும். புடவை ஆறு கஜம் இருக்கிறதே என்று யாரும் வெட்டுவதில்லை, கொசுவம் வைத்துக் கட்டுகிறோம், அது மாதிரி. மடிப்பு கூடக் கூட ஹார்மானிக்ஸ் கூடும். மடிப்பு மேலும் கீழும் சமமாக இருந்தால் 3, 5, 7 என்ற ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் வரும். ஒரு பக்கம் சாய்த்தால் இரட்டைப்படையும் சேர்ந்து ஒலி நிறைந்துவிடும். இத்தனைக்கும் சுருதி நகர்வதே இல்லை.

இப்போது வீட்டு விஷயம். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் பாட்டு வகுப்பை நிறுத்திவிட்டாள். ஏழு வருஷம் கற்றுக்கொண்டது. காரணம் கேட்டால் "பிடிக்கலைப்பா" என்பதோடு சரி. எங்களோடு இருக்கும் என் அம்மா மாயவரத்தில் பல வருஷம் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். அவர் எதுவும் சொல்லவில்லை. தம்புராவுக்கு உறை தைத்துப் போட்டு மூலையில் வைத்துவிட்டார். சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

பெட்டி வந்ததும் மகள் அதன் முன்னாலேயே கிடந்தாள். அம்மா அந்தச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவள் கீழ் சுருதி ஒன்றை வைத்து மடிப்புக் குமிழை மெதுவாகத் திருகிக்கொண்டிருந்தாள். அடுக்களையில் இருந்து குரல் வந்தது. "தாண்டிட்டே. கொஞ்சம் பின்னாடி வா... அங்கேயே நிறுத்து."

இவள் திகைத்துப்போய், "பாட்டி, உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"தெரியாம என்ன? நூல் பிடிக்கிற இடம்டி அது."

தம்புராவின் குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே சின்னதாக ஒரு பருத்தி நூல் இருக்கும். அதற்குப் பெயரே ஜீவா. அதைத் துளித்துளியாக நகர்த்தினால் ஓர் இடத்தில் நாதம் சட்டென்று திறந்துகொள்ளும். மயிரிழை தாண்டினால் போய்விடும். அம்மா உறையைக் கழற்றிச் செய்து காட்டினார். இவள் காதைக் குடத்தில் வைத்துக் கேட்டாள். "சுருதி மாறலை, டிம்பர் மட்டும் மாறுது" என்றாள். அம்மாவுக்கு அந்த வார்த்தை புரியவில்லை. விஷயம் புரிந்தது.

இதை நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் யோசித்திருக்கிறார், அவரும் நம்மைப்போல வேலைக்காக ஊரை விட்டுப் போனவர்தான். திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1907ல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனார். ஆபீஸ் நேரம் போக மீதி நேரம் ஆய்வகத்தில். 1917ல் அந்த வேலையை விட்டுப் பேராசிரியரானார். 1921ல் வீணை, தம்புரா பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கம்பியின் சரிபாதியில் மீட்டினால் இரண்டாவது ஹார்மானிக் எழக்கூடாது என்பது விதி. ஆனால் நம் தம்புராவில் அது நன்றாகவே கேட்கிறது. வளைந்த குதிரையிலும் நூலிலும் கம்பி ஒவ்வொரு அதிர்விலும் உரசி உரசி, மீட்டியபோது இல்லாத ஒலிகளையும் எழுப்பிவிடுகிறது.

தம்புராவும் புக்லாவின் மடிப்பும் ஒரே இயந்திரம் என்று சொல்லவில்லை. ஒன்றில் கம்பி உரசுகிறது, மற்றதில் மின்னழுத்தம் மடிகிறது. ஆனால் இரண்டும் வெட்டுகிற வழி இல்லை, விளைவிக்கிற வழி. சரியான இடம் எது என்று மீட்டரும் சொல்லாது, காதுதான் சொல்லவேண்டும். ஏழு வருஷப் பாட்டு வகுப்பு எங்கே போயிற்று என்று எனக்குள் ஒரு குறை இருந்தது. அது அவள் காதிலேயே பத்திரமாக இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

அம்மா முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. "எல்லாம் சரி, இதுல விரல் எங்கே இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மகளிடமும் பதில் இல்லை. ஆனால் பெட்டி சூடாகும்வரை சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும், இருபது நிமிஷம் கழித்து மறுபடி சேர்க்கவேண்டும் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. "பரவாயில்லை, இதுவும் நம்ம ஜாதிதான்" என்றார்.

நண்பர் திரும்பிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மகள் இப்போது கம்ப்யூட்டரில் விசிவி ராக் என்ற இலவச மென்பொருளில் அதே வேலையைத் தொடர்கிறாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், ஒரு சைன் அலையை எடுத்து மடிப்பை மட்டும் மெல்லக் கூட்டிக் கேட்கச் சொல்லுங்கள். ஃபில்டர் எல்லாம் அப்புறம். பக்கத்தில் பாட்டி இருந்தால் இன்னும் நல்லது.

பாட்டு வகுப்புக்கு அவள் திரும்பவில்லை. நானும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மா தம்புராவை எடுக்கும்போது நூல் வைத்துக் கொடுப்பது மட்டும் இப்போது அவள் வேலை.