முன்பணம் கேட்கும் உபகாரி

அமெரிக்காவில் வாழும் நம் பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் ஒரு மடல் விடுத்திருந்தார். புளோரிடாவிலுள்ள விடுமுறை இல்லமொன்றில் ஆண்டுக்கொரு வாரம் தங்கும் உரிமையை அவர் முன்னர் விலைக்கு வாங்கியவர். இதனை ஆங்கு 'டைம்ஷெயர்' என்பர். சென்று தங்கினும் தங்காவிடினும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்தியே ஆகவேண்டும். அவர் சலிப்புற்றிருந்த வேளையில், "4,000 டொலர் முன்பணம் தந்தால் ஒப்பந்தத்தினின்றும் உம்மை விடுவிப்போம்" என ஒருவர் தொலைபேசியில் அழைத்தாராம். "கொடுக்கலாமா, ஐயா?" என்பது மாணாக்கரின் வினா.

வேண்டாம் என்றே விடை எழுதினோம். புளோரிடாச் சட்டம், வாங்கியவர் 10 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்துத் தண்டமின்றி விலக இடமளிக்கின்றது. அக்காலம் கடந்தவர், விற்ற நிறுவனத்தையே முதலில் நேரில் கேட்டல் தகும். உரிமையை மீளப் பெற்றுக்கொள்ளும் நிறுவனங்களும் உள. அப்படிக் கேட்பதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

மெக்சிக்கோவிலுள்ள டைம்ஷெயர் உரிமைகளைக் காட்டி நடந்த மோசடிகளில், 2019 முதல் 2023 வரை அமெரிக்கர் ஏறக்குறைய 6,000 பேர் 30 கோடி டொலரளவில் இழந்ததாக முறையிட்டனர் என்று எஃப்.பி.ஐ. 2024இல் அறிவித்தது. இழந்தவரிடம் வழக்கறிஞர் போல் மீண்டும் வந்து, "போன பணத்தை மீட்டுத் தருவோம்" எனக் கூறி இன்னொரு கட்டணம் பறிப்பதும் இவர்கள் வழக்கமாம்.

வேலை தொடங்குமுன்னே கூலி முழுவதையும் பெற்றவனுக்கு அவ்வேலையில் அக்கறை ஏது?