தேயிலையும் சின்ன லோரிகளும்

தோக்கியோவிலிருந்து மேற்கே செல்லும் ஷின்கன்சென் இரயிலில் ஏறுகிறவர்கள் வலப்பக்கச் சன்னலோரம் இடம் பிடியுங்கள். வானம் தெளிந்திருந்தால் பூஜி மலை அந்தப் பக்கம்தான் தெரியும். ஷிசுவோக்காவில் நிற்கும் ஹிக்காரி வண்டி சுமார் ஒரு மணி நேரத்தில் உங்களை அங்கே இறக்கிவிடும். நொசோமி வண்டியில் மட்டும் ஏறிவிடாதீர்கள். அது அவ்வூரில் நிற்பதில்லை.

குன்றுச் சரிவெல்லாம் தேயிலை. கேமரன் மலையைப் பார்த்த கண்ணுக்கு அது புதுமையன்று. ஆனால் நம் பையன்களுக்கு இவ்வூர் என்றால் தமியாதான்.

1946-இல் மர ஆலையாகத் தொடங்கிய நிறுவனம் அது. 1951-இல் தீ விபத்து. பின்னர் மர வியாபாரத்தை விட்டு, மரத்தால் ஆன மாதிரிகளை நம்பிப் பிழைத்தார்கள். அமெரிக்கப் பிளாஸ்டிக் மாதிரிகள் வந்ததும் அதற்கும் அடி விழுந்தது. 1960-இல் பிளாஸ்டிக்கில் செய்த யமாத்தோ போர்க்கப்பலும் கைகொடுக்கவில்லை. அடுத்து வந்த, மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கிதான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது. 1976-இல் முதல் ரிமோட் கார், போர்ஷே 934. அதற்காக அசல் போர்ஷே ஒன்றையே வாங்கிக் கழற்றிப் பார்த்தார்களாம்!

தலைமையகக் காட்சிக்கூடத்தில் ஆறு சக்கர டிரெல் பந்தயக் கார் நிற்கிறது. எந்நாளில் பார்க்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். என் மனம் லயித்தது லோரிகளில்தான். 1981-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸுக்கு மூன்று கியர். 1987-இன் கிளாட் பஸ்டருக்கு இரண்டு மோட்டார், நான்கு சக்கரமும் திரும்பும். அதே ஆண்டின் மிட்நைட் பம்ப்கின் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பாயும். பிள்ளைகள் சிரித்து உருளுவார்கள். முதல் வண்டியாக வாங்க அதுவே போதும் என்பேன். கிளாட் பஸ்டருக்கு அவசரம் வேண்டாம்.

கடைத்தெருவில் விற்கும் ரிமோட் வண்டி ஒரு பல்சக்கரம் உடைந்தால் குப்பைக்குத்தான் போகும். இவ்வகை வண்டிக்கோ அந்தப் பல்சக்கரம் தனியாகவே கிடைக்கும். விலை கூடுதல்தான், வாங்குமுன் பெட்டியில் எது இல்லை என்று பாருங்கள். பெரும்பாலும் ரிமோட், சக்கரத்தைத் திருப்பும் சர்வோ, பேட்டரி, சார்ஜர் ஆகியவற்றைத் தனியே வாங்க வேண்டிவரும். இது தெரியாத தகப்பன் பிறந்தநாளன்று பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிற்பார். தொடக்கத்திற்கு 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி நல்லது. லித்தியம் வேகம் தரும், ஆனால் அதற்குரிய சார்ஜரும் பெரியவர் கண்காணிப்பும் வேண்டும். ஜப்பானியத் திருகுகளுக்கு ஜப்பானிய அளவுத் திருப்புளியே சரி. மற்றது தலையைத் தேய்த்துவிடும். செம்மண் சேற்றில் ஓட்டினால் அன்றே துடைத்துக் காயவைத்து, பேரிங்குகளுக்கு எண்ணெய் விடுங்கள்.

வண்டி பாகம் பாகமாகத்தான் வரும். செய்முறை நூல் முழுக்கப் படங்கள். வாசிக்கத் திணறி வகுப்பின் கடைசி வரிசையில் ஒடுங்கும் மாணவனும் அதைப் பார்த்துப் பின்னச்சைப் பூட்டிவிடுவான். பிறகு தம்பிக்கு அவனே விளக்கம் சொல்வான்.

மே மாதம் ட்வின் மெஸ்ஸே மண்டபத்தில் பொழுதுபோக்குக் கண்காட்சி நடக்கும். அப்போது போவதானால் தங்குமிடத்தை முன்னரே பதிந்துகொள்ளுங்கள். திரும்புகையில் தனி லித்தியம் பேட்டரி இருந்தால் அதைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள். முனைகளை ஒட்டி மூடிக் கைப்பையிலேயே எடுத்து வாருங்கள்.